கேக்கின் மேல் ஒரு கழுதை

அத்தியாயம் நான்கு

கேக் கடை முதலாளிக்குக் குற்றவாளி யார் என்பது நேற்றே தெரிந்துவிட்டது. ஆதாரம் மட்டும்தான் இல்லை. அந்தச் சின்னக் குறையைச் சரிசெய்து கொடுக்கத்தான் அண்ணியை வரவழைத்திருந்தார்.

"சட்டை தைச்சு வெச்சாச்சாம். அளவு மட்டும் நாம எடுத்துக் குடுக்கணுமாம்," என்று அண்ணியின் காதைக் கடித்தாள் வாயாடி.

"வாயை மூடு. ஃப்ரிட்ஜைத் திற," என்றாள் அண்ணி.

அண்ணி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். ஒரு கடை தீப்பிடித்தால், அது தானாக எரிந்ததா, முதலாளி எரியவிட்டாரா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கம்பெனியை விட்டு வந்த பிறகு, அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டாள். வாயாடி அவளுடைய நாத்தனார். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் தங்களுக்குள் சண்டை போடாமல் இருக்க வேண்டுமென்றால், சேர்ந்து ஊர்ச் சண்டைக்குப் போவதுதான் ஒரே வழி என்று குடும்பம் கூடி முடிவெடுத்திருந்தது. வாயாடி 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கு கொண்டுவருகிற தாத்தாக்கள் கூட அவளை அண்ணி என்றே அழைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பெரிய நீள்சதுரக் கேக். ஓரமெல்லாம் வெள்ளை க்ரீம் பூக்கள். நடுவில், சாப்பிடக்கூடிய மையால் சர்க்கரைத் தாளில் அச்சடித்து ஒட்டிய ஒரு படம். படத்தில் கழுதை. காதை விறைத்துக்கொண்டு, எதற்கும் அவசரமில்லாத முகத்தோடு எதிரே நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் சாக்லேட்டால் எழுதியிருந்தது: 'எங்களையெல்லாம் சுமந்தவருக்கு நன்றி.'

வாயாடிக்குச் சிரிப்பு பீறிட்டது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"சிரிங்க, சிரிங்க," என்றார் முதலாளி. "நேத்து மண்டபம் பூரா இப்படித்தான் சிரிச்சுது. நம்ம ஊர் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகிறாரு. டீச்சருங்க எல்லாம் சேர்ந்து ஆர்டர் குடுத்தாங்க. மேடையில வெச்சு டப்பாவத் திறக்கிறாரு. கத்தியத் தூக்கினவரு தூக்கினபடியே நிக்கிறாரு. பிள்ளைங்க விசில் அடிக்குதுங்க. அந்தப் பாவி கேக்கை வெட்டாமத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்கு அவரே நேர்ல வர்றாரு. வந்ததும், செஞ்சவள அவரு கண்ணு முன்னாடியே வெளிய அனுப்புறேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"செஞ்சவ யாரு?"

"வேற யாரு? கோன் அக்காதான். தாளை எடுத்து ஒட்டினது அவ கை. எழுத்தும் அவ எழுத்து. அந்த ஹெட்மாஸ்டர்கிட்டதான் படிச்சிருக்கா. அவரு இவள ஒம்பதாவதுல ஃபெயில் பண்ணியிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். இந்த ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சா போதும், கழுதை எங்கேர்ந்து வந்துச்சுன்னு," என்றாள் அண்ணி.

ஒரு கரண்டியை வாங்கி, படத்தின் மேல் ஓரத்தை மறைத்திருந்த க்ரீம் பூக்களை மெதுவாக வழித்தாள். உள்ளே ஒரு மெல்லிய கறுப்புப் பட்டை தெரிந்தது. பட்டையில் ஒரு பேட்டரிப் படம். பக்கத்தில் சின்ன விசிறி மாதிரி ஒரு குறி.

"ஃபோன் திரையோட மேல்பக்கம் இது. திரைய அப்படியே படம் பிடிச்சிருக்காங்க. கழுதை யாரோ ஒருத்தர் ஃபோன்ல இருந்து வந்திருக்கு. அந்த ஃபோன் அப்ப வைஃபைல இருந்திருக்கு." திரும்பினாள். "என்னடி செய்யற?"

வாயாடி கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள். "ஆதாரத்தப் பத்திரப்படுத்தறேன் அண்ணி. உள்ள."

"இந்தக் கழுதைப் படம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா?" என்று அண்ணி முதலாளியைக் கேட்டாள்.

"சல்லடை போட்டுத் தேடிட்டேன். இல்ல. அடிச்சுட்டு அழிச்சிருப்பா. கைகாரி."

சமையற்கட்டில் அந்தக் கைகாரி ஒரு மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். மடியில் கைப்பை. க்ரீம் அடைத்த கோனைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரலில் காய்ப்பு ஏறியிருந்தது. பெயரே அதிலிருந்து வந்ததுதான். காலையில் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது முதலாளி அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கத்தியிருக்கிறார். காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கப்பைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

"கழுதையப் பாத்ததும் உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று வாயாடி கேட்டாள்.

"தோணுச்சு. ஆனா கேக்கக் கூடாதே," என்றாள் கோன் அக்கா. "ஒரு அம்மா முன்ன ஒரு படம் குடுத்தாங்க. 'அப்பாவுக்கு எத்தனாவது பிறந்த நாள்'னு கேட்டுட்டேன். அது அவங்க வீட்டுக்காரரு."

வாயாடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ."

"அன்னைலேர்ந்து முதலாளி ஒரு சட்டம் போட்டாரு. வர்ற படத்தப் பத்தி வாயே திறக்கக் கூடாது. அவரு கல்லாவுல இருந்து பிரிண்ட் குடுப்பாரு. இங்க தாள் வரும். வந்தத நான் ஒட்டணும். துண்டுச் சீட்டுல இருக்கறத எழுதணும். அவ்வளவுதான். யாருக்குக் கேக்குன்னு கூடச் சீட்டுல போட மாட்டாரு. நாய் வந்திருக்கு, பைக் வந்திருக்கு, ஒருத்தர் தன்னோட எக்ஸ்ரே படத்தக் குடுத்தாரு. கழுதை வந்துச்சு. கீழ 'சுமந்தவருக்கு நன்றி'ன்னு எழுதச் சொல்லியிருந்துச்சு. பொருத்தமாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

"ஹெட்மாஸ்டர் மேல கோவம் இருக்கா?"

"இருந்துச்சு. கல்யாணமாகி, பிள்ளை பெத்து, அதையும் அவரு பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியாச்சு. இதுல அவரு மேல கோவப்பட எனக்கு எங்க நேரம்?" கோன் அக்கா கைப்பையின் பிடியை முறுக்கினாள். "போகச் சொன்னா போயிடுவேங்க. ஆனா இந்தப் பேரோட போனா, எந்தக் கடையிலயும் என் கையில கோனக் குடுக்க மாட்டாங்க. எனக்கு வேற வேலை தெரியாது."

வாயாடிக்கு நாக்கு நுனியில் ஒரு கிண்டல் இருந்தது. விழுங்கிவிட்டாள். அது அவளுக்கு அபூர்வம்.

அந்த நேரம் பார்த்துக் கல்லாவில் ஃபோன் அடித்தது. முதலாளி எடுத்தார். எடுத்த வேகத்தில் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். மறுமுனையில் ஒரு தாய் கத்துவது சமையற்கட்டு வரை கேட்டது. அவளுடைய குழந்தையின் முதல் பிறந்த நாளாம். இன்று காலை இங்கேதான் கேக் வாங்கினார்களாம். திறந்து பார்த்தால் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் முறைக்கிறாராம். குழந்தை அழ ஆரம்பித்தது இன்னும் நிறுத்தவில்லையாம்.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"கண்ணாடி போட்ட பெரியவர். தலையில முடி?" என்றாள் அண்ணி.

"இல்லையாம்."

"நம்ம ஹெட்மாஸ்டர்." அண்ணியின் முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தோஷம் வந்தது. "அந்தக் கேக்ல படத்த ஒட்டினது யாரு?"

"கோன் அக்காவ உக்கார வெச்சுட்டேனே, அதனால நான்தான்..."

"பாக்காமலா ஒட்டினீங்க?" என்றாள் வாயாடி.

"கண்ணாடி போட்டுக்கலை. அவசரம். மொட்டைத் தலை, பல்லு தெரியாத சிரிப்பு. குழந்தைதான்னு நெனைச்சுட்டேன்."

கழுதையைக் கவனிக்கவில்லை என்று ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தவர், ரிட்டயரான ஹெட்மாஸ்டரைக் கைக்குழந்தை என்று நினைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறார். வாயாடி அவரைப் பார்த்தபடி கையை நெற்றியில் வைத்து ஒரு சலாம் போட்டாள்.

"அந்தப் பிரிண்டர்ல ஒரு தடவைக்கு எத்தனை தாள் வெப்பீங்க?" அண்ணி கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. சர்க்கரைத் தாள் காத்து பட்டா நமத்துப்போகும்," என்று கோன் அக்கா மூட்டையின் மேலிருந்து சொன்னாள்.

"இப்ப ஒண்ணு வைங்க. யாரும் எந்தப் பட்டனையும் தொடாதீங்க."

கோன் அக்கா எழுந்து போய் ஒரு தாளைச் செருகினாள். பிரிண்டர் ஒருமுறை செருமியது. யாரும் கேட்காமலேயே முன்னும் பின்னும் ஓடி ஒரு படத்தைத் துப்பியது. மொட்டைத் தலை, பல்லில்லாத சிரிப்பு. இந்தத் தடவை நிஜமாகவே குழந்தை.

"வரிசைங்க இது," என்றாள் அண்ணி. "தாள் இல்லாதப்ப யாராவது பிரிண்ட் குடுத்தா, பிரிண்டர் அத வெச்சுக்கிட்டுக் காத்திருக்கு. அடுத்த தாள் வந்ததும் முதல்ல நின்னதத்தான் அடிக்கும். நேத்து நீங்க ஹெட்மாஸ்டருக்குப் பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடியே கழுதை வந்து நின்னுடுச்சு. உங்க ஹெட்மாஸ்டர் அதுக்குப் பின்னாடி. அதுக்கும் பின்னாடி இன்னைக்குக் குழந்தை. ஆளாளுக்கு முன்னால நிக்கறவங்க படம் போயிருக்கு. கோன் அக்கா வேணும்னு மாத்தியிருந்தா, ஹெட்மாஸ்டர் படத்த அடிச்சுத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அது ராத்திரி பூரா பிரிண்டருக்குள்ள தவம் இருந்திருக்காது."

"அப்ப யாரோ வரிசைல நடுவுல புகுந்திருக்காங்க," என்றாள் வாயாடி.

"புகுந்தவருக்கு, தான் வரிசைல நிக்கறதே தெரியாது."

முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "நடக்காதுங்க. வெளியாள் யாரும் என் பிரிண்டரத் தொடவே முடியாது. எங்கிட்ட ரெண்டு வைஃபை இருக்கு."

அவர் சொன்ன தோரணையில், இரண்டு யானை வைத்திருக்கிறாரோ என்று வாயாடிக்குச் சந்தேகம் வந்தது.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் கடையில் ஒரே வைஃபைதான் இருந்தது. ஒரு நாள் காபி குடிக்க வந்த குடும்பத்தின் குட்டிப் பையன், அம்மாவின் ஃபோனை நோண்டி, விலைப்பட்டியல் ஓடிக்கொண்டிருந்த பெரிய திரையில் பொம்மைப் படத்தை ஓடவிட்டுவிட்டான். அன்றே முதலாளி ஆளைக் கூப்பிட்டு வைஃபையை இரண்டாகப் பிரித்தார். ஒன்றின் பெயர் கெஸ்ட். அதன் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதித் தொங்கவிட்டார். அதில் வருகிறவர் இன்டர்நெட் பார்க்கலாம், அவ்வளவுதான். கடையின் எந்தச் சாமானும் அவர் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று உள்வீட்டு வைஃபை. பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா, திரை, பிரிண்டர் எல்லாம் அதில். அதன் பாஸ்வேர்டு பரம ரகசியம்.

வாயாடி சுவரைப் பார்த்துக் கெஸ்ட்டில் நுழைந்தாள். தன் ஃபோனில் இருந்த ஒரு படத்தைத் திறந்து, பிரிண்ட் என்று தட்டினாள். பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை என்று ஃபோன் கையை விரித்தது.

"சரியாத்தான் பிரிச்சிருக்காரு அண்ணி. சுவத்துக்கு இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் பிரிண்டரு."

"அந்தப் பக்கத்துச் சாவி யார் யார் கையில இருக்கு?" அண்ணி முதலாளியைக் கேட்டாள்.

"எனக்கும் என் மனசாட்சிக்கும் மட்டும்தான் தெரியும்."

"ரெண்டு பேர்ல யாரு வெளிய உளறினது?" என்றாள் வாயாடி.

முதலாளிக்குக் கோபம் வந்தது. அண்ணி கையமர்த்தினாள். "யாரையும் விசாரிக்க வேணாம். விசாரிச்சா எல்லாரும் தெரியாதுன்னுதான் சொல்வாங்க. நீங்க ஒண்ணு செய்யுங்க. உள்வீட்டு பாஸ்வேர்ட இப்பவே மாத்துங்க. எங்கிட்ட கூடச் சொல்லாதீங்க."

"மாத்தினா?"

"மாத்திட்டு ஒரு காபி குடிப்போம். யாருக்கு வலிக்குதோ அவங்க கத்துவாங்க."

முதலாளி கல்லாவுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். அண்ணியும் வாயாடியும் கடை நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள். கதவருகே செய்தித்தாளோடு ஒருவர். ஏசிக்கு நேர் கீழே, கடையிலேயே குளுகுளுவென்ற மூலை மேசையில், முதலாளியின் மாப்பிள்ளை. முன்னால் லேப்டாப், கையில் ஃபோன், காதில் ஒரு குமிழ். அவருக்கு வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலையாம். வீட்டில் புழுக்கமாக இருப்பதால் தினமும் மாமனார் கடைக்கு வந்துவிடுவாராம். அவர் மேசைக்கு மட்டும் காபி கேட்காமலே வந்துகொண்டிருந்தது.

காபியின் நுரை அடங்குவதற்குள் மாடியிலிருந்து முதல் குரல் வந்துவிட்டது.

"என்னங்க! நெட் போச்சு! சீரியல் நல்ல கட்டத்துல நிக்குது!"

மாடிதான் வீடு. குரல் முதலாளியம்மாவுடையது. முதலாளி அசடு வழிந்தார். "அவ என்னோட பாதி இல்லையா. சேர்த்துச் சொல்ல மறந்துட்டேன்."

"உங்க பாதிக்கு ஃபோன்ல கழுதை உண்டா?" என்றாள் வாயாடி.

பதில் வருவதற்குள் மூலை மேசையில் நாற்காலி நகர்ந்தது. மாப்பிள்ளை காதுக் குமிழைக் கழற்றிக்கொண்டே எழுந்து வந்தார்.

"மாமா, நெட் வரலையே."

முதலாளியின் கண்கள் மாப்பிள்ளை மேல் போய் நிலைகுத்தின. அண்ணி காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வாயாடியைப் பார்த்தாள். இந்த மாதிரி இடங்களில்தான் வாயாடிக்குச் சம்பளம்.

"சுவத்துல பாஸ்வேர்டு எழுதியிருக்கே தம்பி. அதுல போகலாமே."

மாப்பிள்ளை, பந்தியில் கடைசி வரிசையில் உட்காரச் சொன்ன மாதிரி அவளைப் பார்த்தார். "அது கெஸ்ட்டுங்களுக்கு."

"நீங்க?"

"நான் இந்த வீட்டு மாப்பிள்ளை."

"பாஸ்வேர்டு யாரு குடுத்தாங்க?"

"அத்தைதான்."

அத்தை அதற்குள் படியிறங்கி வந்திருந்தார். தப்பு செய்தவர் முகம் துளியும் இல்லை. "ஆமா, நான்தான் குடுத்தேன். கல்யாணமான புதுசுல இவரு கடைக்கு வந்தப்ப, ஃபோன்ல 'கெஸ்ட்'னு வந்துச்சு. 'ஏன் அத்தை, இந்த வீட்டுக்கு நான் விருந்தாளியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டாரு. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. பொண்ணு குடுத்த இடத்துல பாஸ்வேர்டு குடுக்க மாட்டோமா?"

வாயாடி அண்ணி பக்கம் சாய்ந்தாள். "அண்ணி, இவங்க வைஃபையப் பிரிக்க ஆள் வெச்சு வேலை பாத்திருக்காங்க. அத ஒட்டவைக்க ஒரு மாப்பிள்ளை போதுமா இருந்திருக்கு."

அண்ணி மாப்பிள்ளையிடம் கையை நீட்டினாள். "உங்க ஃபோனக் கொஞ்சம் பாக்கலாமா? கழுதை ஒண்ணு தொலைஞ்சுபோச்சு."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. கழுதை அதிகம் தேட வைக்கவில்லை. அதே விறைத்த காது, அதே நிதானம், மேலே அதே கறுப்புப் பட்டை.

"நேத்து மத்தியானம் ஒருத்தருக்கு அனுப்பப் போனேன். விரல் வழுக்கி எதையோ தட்டிட்டேன். ஏதோ 'பிரிண்ட்'னு வந்துச்சு, போயிடுச்சு. எங்கயும் ஒண்ணும் அடிக்கலை. நானும் விட்டுட்டேன்," என்றார்.

"யாருக்கு அனுப்பப் போனீங்க?"

"ஆபீஸுக்கு. ஆபீஸ் விஷயம்."

அண்ணி அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் எடுத்துக்கொண்ட வழக்கு கேக்கோடு முடிகிறது. மாப்பிள்ளையின் ஆபீஸில் கழுதைக்கு என்ன உத்தியோகம் என்று கண்டுபிடிக்க யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

முதலாளி அண்ணியையும் வாயாடியையும் இழுக்காத குறையாகச் சரக்கறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவில் நின்று கையைப் பிசைந்தார்.

"அண்ணி, நல்லா கண்டுபிடிச்சீங்க. ஆனா இது இந்த ரூமோட இருக்கட்டும். மாப்பிள்ளை பேரு வெளிய வந்தா என் பொண்ணு வாழ்க்கையில பேச்சு வரும். ஹெட்மாஸ்டர் வர்ற நேரம். கோன் அக்கா பேர்லயே இருந்துட்டுப் போகட்டும். அவளுக்கு நான் வேற ஊர்ல, தெரிஞ்ச கடையில வேலை சொல்லி வெக்கிறேன்."

வாயாடிக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது.

அண்ணி நிதானமாகத்தான் பேசினாள். "யாரு செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் என்னக் கூப்பிட்டீங்க. கண்டுபிடிச்சுட்டேன். அத மறுபடியும் தொலைச்சுக் குடுக்கற வேலைய நான் எடுக்கறதில்ல."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும்."

"நான் சும்மா இருந்தாலும் பக்கத்துல இவ இருக்காளே," என்று நாத்தனாரைக் காட்டினாள் அண்ணி. வாயாடியின் வாழ்நாளில் அவள் வாய்க்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

கதவைத் திறந்தபோது ஹெட்மாஸ்டர் கடைக்குள் நின்றுகொண்டிருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். சின்ன உருவம், இஸ்திரி போட்ட சட்டை. சத்தம் போட வந்தவர் மாதிரி தெரியவில்லை. சரியாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். முதலாளி ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"யாரு செஞ்சாங்கன்னு சொல்றதா சொன்னீங்க," என்றார்.

"ஆமா சார். அது வந்து..." முதலாளி காலி நாற்காலியைத் துடைத்தார். மாப்பிள்ளை தன் ஃபோனில் உலகத்தையே காப்பாற்றும் காரியம் இருப்பது போலக் குனிந்திருந்தார்.

சமையற்கட்டுக் கதவு திறந்தது. கோன் அக்கா தோளில் பையோடு வெளியே வந்தாள். முதலாளியைக் கடந்து நேராக ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்க கேக்ல கழுதைய ஒட்டினது என் கைதான். அது உங்க கேக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒட்டியிருக்க மாட்டேன். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்காம விட்டது என் தப்பு, அதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா அந்தப் படம் எப்படி வந்துச்சுங்கறது என் தப்பு இல்ல. அத முதலாளி சொல்வாரு. காலைல இங்க எல்லார் முன்னாடியும் வெச்சுத்தான் என்னத் திட்டினாரு. அதையும் எல்லார் முன்னாடியும் வெச்சுச் சொல்லட்டும்."

ஜன்னலோரப் பெண்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். செய்தித்தாள் மடிந்தது. அத்தனை கண்களும் முதலாளி மேல் திரும்பின.

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய பாஸ்வேர்டைக் கூடப் பார்த்தார், அதுவாவது காப்பாற்றாதா என்று. கடைசியில் கோன் அக்காவைப் பார்த்தார். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அவ மேல தப்பில்ல சார். தப்பு எங்க வீட்டு மேல. வெளியாளுக்கு ஒரு வைஃபை, கடைக்கு ஒரு வைஃபைன்னு வெச்சிருந்தோம். மரியாதைக்காக எங்க மாப்பிள்ளைய உள் வைஃபைல விட்டுட்டோம். அவரு கைதவறித் தட்டினது உங்க கேக்குக்கு வந்துடுச்சு. விசாரிக்காம நான் இவங்களத் திட்டினேன். தப்புதாங்க. மன்னிச்சுக்கோம்மா."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என் மேல கோவத்துல யாரும் செய்யலையா?"

"இல்ல சார்."

"ராத்திரி பூரா யோசிச்சேன், எவனுக்கு என் மேல இவ்வளவு கோவம்னு. ஒவ்வொருத்தனா ஞாபகம் வந்துச்சு. விடியற வரைக்கும் முடியலை." இழுத்துப் போட்ட நாற்காலியில் இப்போதுதான் உட்கார்ந்தார். கோன் அக்காவை ஏறிட்டார். "நீயும் எங்கிட்ட படிச்சியா?"

"ஒம்பதாவதுல ஃபெயில் பண்ணீங்க சார்."

"அப்படியா? நிறைய பேரப் பண்ணியிருக்கேன்," என்றார் அவர், வருத்தப்படுகிறாரா பெருமைப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில்.

அவருக்கு ஒரு காபி வந்தது. கோன் அக்கா மடித்து வைத்திருந்த ஏப்ரனை முதலாளி தானே போய் எடுத்து வந்து அவளிடம் நீட்டினார். "நாளைக்கு எப்பவும் போல வந்துடும்மா."

கோன் அக்கா ஏப்ரனை வாங்கவில்லை. "வர்றேங்க. ஆனா இனிமே தோணுனதக் கேப்பேன்."

"கேளு. தாராளமா கேளு."

"இப்பவே ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா!" முதலாளிக்குத் தலை தப்பிய சந்தோஷம்.

கோன் அக்கா மூலை மேசைப் பக்கம் திரும்பினாள். "ஆபீஸ் வேலை, ஆபீஸ் வேலைன்னு தினமும் இங்க உக்காந்திருக்கீங்களே தம்பி. எந்த ஆபீஸ்ல கழுதைப் படம் கேக்கறாங்க?"

அண்ணி காபிக் கப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். வாயாடி கேள்வியை ரசித்துத் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளை ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினார். மாமனார், மாமியார், ஹெட்மாஸ்டர், ஜன்னலோரப் பெண்கள், எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"அது வந்து, அத்தை," என்றார். மாமனாரிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. "வேலைய விட்டுட்டேன். விட்டுக் கொஞ்ச நாள் ஆச்சு. உங்க பொண்ணுக்கும் இன்னும் தெரியாது. கழுதைப் பண்ணை வெக்கலாம்னு இருக்கேன். கழுதைப் பாலுக்கு இப்ப நல்ல கிராக்கி."

முதலாளி கல்லாவைப் பிடித்துக்கொண்டார். மாமியார் மட்டும் அசையாமல், மாப்பிள்ளையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்து முடித்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, புது பாஸ்வேர்ட இவருக்குச் சொல்லிடாதீங்க," என்றார். "இனிமே சுவத்துல எழுதியிருக்கறதே போதும்."